ட்ரேஸ்மித் வெளியீட்டு விழா

“இலவசமா கெடைக்கறதை நாங்க தொடறதே இல்லீங்க” என்று மேடையில் மிதுன் சொன்னபோது, அந்த இலவசத்தைத்தான் நான் மடிக்கணினியில் திறந்துகொண்டிருந்தேன்.

அவிநாசி சாலையில் ஓர் ஓட்டலின் ஏசி அரங்கு. காலை பதினொரு மணி. மில் முதலாளிகள், மருத்துவமனை நிர்வாகிகள், கல்லூரிக்காரர்கள் என்று நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

மிதுனுக்கு முப்பத்தொரு வயது. அப்பாவின் பம்ப்செட் கம்பெனியில் ஒரு பம்பைக் கழற்றி மாட்டத் தெரியாதவன், அந்தப் பணத்தில் மென்பொருள் கம்பெனி வைத்தான். ஆறு வருடமாக நான் அவனிடம் வேலை பார்க்கிறேன். வாயால் ‘சார்’ என்பேன். மனதுக்குள் ‘அவன்’தான்.

அன்று அவன் அறிமுகப்படுத்தியது ட்ரேஸ்மித். ஒரு மென்பொருள் ஓடும்போது அதற்குள் எந்த வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்துச் சொல்லும் கருவி.

அதன் நிஜப் பெயர் மோப்பம். சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர் தனியாக எழுதி இணையத்தில் போட்டிருந்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது.

நீக்கப்பட்டிருந்தது.

மோப்பத்துக்குப் போன மாதம் வந்த புதிய பதிப்பின் சிறப்புகளை மிதுன் திரையில் போட்டு, தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினான். ஓடும் மென்பொருளை நிறுத்தாமலே உள்ளே பார்க்கலாம். நேற்று ஓடியதையும் இன்று ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒவ்வொரு வேலையும் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியிலிருந்து கிளம்பியது என்று முழு முகவரியோடு தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவதைத் தலைகீழாக விளக்கினான். முன்வரிசை தலையாட்டியது. புரியாததற்குத் தலையாட்டுவதில் எங்கள் ஊர்ப் பணக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது.

“ஆறு மாச உழைப்புங்க” என்றான்.

ஆறு மாதம் அவன் எதற்காவது உழைத்திருந்தால் அது கோல்ஃப் மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளத்தான்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். பேருந்தில் கசங்கிய காட்டன் சேலை, தோளில் துணிப்பை.

மிதுன் குனிந்து அவர் கழுத்து அட்டையைப் படித்தான். “மாரியாத்தாள்...” என்று இழுத்தான். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். “எந்தக் கம்பெனிங்க அம்மணி?”

“கம்பெனி இல்லீங்க. சத்தியிலிருந்து வாரேன். ஏனுங்க, இந்தக் கருவிக்குள்ள என்ன நடக்குதுன்னு இதே கருவியை ஓட்டிக் காட்ட முடியுங்களா?”

அந்த மரியாதையை அவன் பயம் என்று எடுத்துக்கொண்டான். “குத்தூஸ் பாய், அம்மணிக்கு ஓட்டிக் காட்டுங்க. புரியற மாதிரி மெதுவா” என்றான் என்னிடம்.

பத்து நாளாக நான் காத்திருந்தது இதற்குத்தான்.

மோப்பத்தை எழுதியவர் அவர்தான். அவருக்கு அழைப்பு அனுப்பியவன் நான். வேறொரு மின்னஞ்சலிலிருந்து, பெயர் போடாமல். அவர் வருவார், கேட்பார், மிதுன் நாற்பது பேர் முன்னால் வெளுத்துப்போவான். பிறகு நான் யாரென்று தெரிந்து அவர் நன்றி சொல்வார். அதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

என்டரைத் தட்டினேன்.

திரையில் வரிகள் ஓடின. வெளியே ட்ரேஸ்மித் என்று ஒட்டியிருந்தாலும், உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் அவர் வைத்த பெயர் அப்படியே இருந்தது. மோப்பம், எட்டிப்பாரு. மோப்பம், கொஞ்சம்பொறு. மோப்பம், உட்டுப்புடி. மருத்துவமனை நிர்வாகி ஒருவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மிதுனின் முகத்தைப் பார்க்க நான் நிதானமாகத் திரும்பினேன்.

அவன் வெளுக்கவில்லை. கண்ணைச் சுருக்கி வரிகளின் இடது ஓரத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

நானும் பார்த்தேன்.

முழு முகவரி. எந்தக் கணினியில், யாருடைய கோப்புறையில் வைத்து அந்த மென்பொருள் மாற்றிக் கட்டப்பட்டது என்பது வரிக்கு வரி இருந்தது. குத்தூஸ். குத்தூஸ். குத்தூஸ். கீழே போகப்போக நிற்கவே இல்லை. மிதுனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

“மன்னிச்சுக்குங்க” என்று அவன் அரங்கைப் பார்த்துக் கைகூப்பினான். “நம்ம ஆளு ஒருத்தரு எங்களையே ஏமாத்திப்போட்டாருங்க.”

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. சற்றுமுன் அவனுக்கு ஆட்டிய அதே தலைகள்.

அவன் சொன்னது பொய். ஆனால் முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ‘அந்தப் பேரையெல்லாம் எடுத்திருங்க’ என்று போனில் ஒரு தடவை சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. பன்னிரண்டு இடங்களில் தேடித் தேடி எடுத்தவன் நான். ஒரு மதியத்தில், டீ குடித்துக்கொண்டே. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று அன்று தோன்றவே இல்லை.

சாப்பாட்டுக்கு எல்லோரும் நகர்ந்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மிதுனின் செய்தி என் போனில் வந்துவிட்டிருந்தது. மாரியாத்தாள் மேசைக்கு அருகில் வந்து, இன்னும் அணையாமலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடம், உங்களுக்கு அழைப்பு அனுப்புனது நானுங்க” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

“அதுலயும் பேரு இல்லீங்களே” என்றார்.