இங்கிலீஷ் தெரியாதவன்

தோளில் தேள் ஊர்கிறது என்று வக்கீல் இங்கிலீஷில்தான் சொன்னார்.

எதிரே நின்ற இளைஞன் துள்ளிக் குதித்துச் சட்டையை உதறினான்.

அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணியவன் பி.ஏ. தேறியவன் என்று ஒப்புக்கொண்டான். குமாஸ்தா திருவேங்கடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இளைஞன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அடுத்து தசரதன்.

பூந்தமல்லி வக்கீல் வீரராகவனுக்கு ஒரு பியூன் தேவைப்பட்டான். கேஸ் கட்டையும் கறுப்புக் கவுனையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அவர் பின்னாலேயே வர வேண்டும். சம்பளம் மாதம் பன்னிரண்டு ரூபாய். இங்கிலீஷ் தெரிந்தவன் மட்டும் ஆகாது. பெரிய கட்சிக்காரர்களோடு அவர் இங்கிலீஷில் பேசுகிற ரகசியம் பியூனுக்குப் புரிந்தால், சாயங்காலத்துக்குள் அது எதிர்த்தரப்பு வக்கீலின் காதுக்குப் போய்விடும். அதிலும் சட்டம் படித்தவன் என்றால் கேட்கவே வேண்டாம், கட்சிக்காரர்களையே தள்ளிக்கொண்டு போய்விடுவான் என்பது அவருடைய பயம்.

தசரதன் பி.ஏ., பி.எல்.

அயனம்பாக்கத்தில் பெயருக்குப் பின்னால் அத்தனை எழுத்துப் போட்டுக்கொள்ள வேறு ஒருவரும் இல்லை. போட்டுக்கொண்டு என்ன பண்ணுவது? வக்கீலாகப் பதிந்துகொள்ளக் கட்ட வேண்டிய தொகைக்கு வீட்டை விற்றாலும் காணாது. பதிந்துகொண்டவர்கள் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டார்கள்? கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உலகமே பணமுடையில் தவித்த முப்பத்து மூன்றாம் வருஷம் அது. ஒன்றரை வருஷமாக அவன் போட்ட மனுக்களில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது. இரண்டிலும் காலி இல்லை என்று எழுதியிருந்தது.

அதனால் அன்று காலை விரல் இடுக்கில் இருந்த மைக்கறையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினான். மாமனுடைய பழைய வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டான்.

பையன் நம்பகமானவன் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றிருந்தார்கள். தகப்பன் இல்லை. அம்மா கெங்கம்மாள்தான் வந்து வாசற்படியோரம் நின்றாள். இவனுக்குக் கையெழுத்துப் போட வரும், வேறு ஒன்றும் வராது என்று குமாஸ்தாவிடம் கூசாமல் சொன்னாள். அவனை பி.எல். வரை படிக்கவைத்தவள் அவள்தான்.

தசரதன் தேளுக்குத் தயாராகவே நின்றான்.

வக்கீல் ஒரே வித்தையை இரண்டு தரம் காட்டுகிற ஆள் இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, ஏதோ ஊர்ச் சமாசாரம் பேசுகிற மாதிரி இங்கிலீஷில் பேசினார். வாசலில் நிற்கிறாளே, அவள்தான் இவன் தாய். தகப்பன் பெயரை இவனிடமே கேட்டு எழுதிக்கொள்ளும். அவளைக் கேட்டால், வந்துபோனவர்களில் எவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிட்டுத் தசரதனின் முகத்தையே பார்த்தார்.

அவனுக்குக் காது கொதித்தது. அது அவதூறு. எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் தண்டனை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் போதும், மகனாக இருந்துவிடலாம். பன்னிரண்டு ரூபாய் போய்விடும்.

வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஒன்றும் விளங்காதவனாக நின்றான்.

குமாஸ்தா சிரித்தார். வக்கீலும் சிரித்தார். எஜமானர்கள் சிரிக்கும்போது பியூன் என்ன செய்வானோ அதைத் தசரதனும் செய்தான். பல் தெரியச் சிரித்தான்.

"நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடு" என்றார் வக்கீல், தமிழில்.

வெயில் ஏறிவிட்டது. தாயும் மகனும் திருவேற்காடு வழியாக ஊருக்கு நடந்தார்கள். வேலை கிடைத்த சந்தோஷம் அவனுக்கு மருந்துக்கும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படியும் ஒரு பிள்ளையா என்று தன்னையே வைதுகொண்டான். ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. என்ன பேசினார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவன் சாகும்வரை சொல்லப்போவதும் இல்லை.

திருவேற்காட்டைத் தாண்டினார்கள். கெங்கம்மாள் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பட்டணத்துல தொரசானி ஊட்ல பதினோரு வருசம் ஆயாவா இருந்துகீறேன், நைனா. எதுர்லயே என்னப் பத்தி இன்னா இன்னாவோ பேசுவாங்கோ. ஒண்ணும் புரியாத மாரி நானும் இப்டித்தான் நின்னுகினு இருந்தேன்."

தசரதன் நின்றுவிட்டான். மாமன் வீட்டில் அவனை விட்டுவிட்டு அம்மா பட்டணத்துக்குப் போய் மாதாமாதம் பணம் அனுப்பினாளே, யார் வீட்டில், என்ன வேலை செய்து அனுப்பினாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துகொண்டால் காலேஜில் யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று கேட்காமலே இருந்துவிட்டான்.

அவள் நாலு அடி முன்னால் போய், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒரு நாளும் சிரிச்சதில்ல."