பாடம் ஒன்று: மூன்றாவது வளைவு

செருப்பைப் பார்த்ததுமே எவெலியோவுக்குத் தெரிந்துவிட்டது, இவர்தான் என்று. ஆற்றுக்கு வருகிற யாராவது ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போடுகிற கறுப்புச் செருப்பில் வருவார்களா? இந்தத் தேர்வாளர்களே இப்படித்தான், வேஷத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள்.

கயாக் படகு ஓட்டச் சொல்லித்தருகிறவர்களுக்கு நாடு முழுக்க ஒரே சான்றிதழ் என்று ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. தேர்வாளர் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து வருவார். தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல், ஆற்றை முதன்முதலாகப் பார்க்கிற ஆள் மாதிரி கரையில் வந்து நிற்பார். கடைசிவரை அவரை அப்படியே நடத்த வேண்டும் என்பது விதி.

எவெலியோ ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். முதல் முறை பாடத்தைப் பாதியில் மறந்தான். இரண்டாவது முறை வாயை அடக்க முடியாமல், "நீங்கதானே சார் அது?" என்று கேட்டுத் தொலைத்தான்.

இது மூன்றாவது வாய்ப்பு, கடைசியும்கூட. அடுத்த மாதத்திலிருந்து சான்றிதழ் இல்லாதவன் இந்தத் துரியால்பா ஊரில் யாருக்கும் கயாக் சொல்லித்தர முடியாது. பதினான்கு வருடம் ஆற்றிலேயே கிடந்தவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"மூணாவது வளைவு வரைக்கும் போகணும் தம்பி. நடந்து போக வழியில்லைன்னு சொல்லிட்டாங்க."

தேர்வுக்கான தடமும் மூன்றாவது வளைவு வரைக்கும்தான். சந்தேகம் என்று ஏதாவது இருந்திருந்தாலும் அதோடு தீர்ந்தது. "வாங்க மேடம், போகலாம்" என்று மட்டும் சொன்னான். இந்த முறை ஒரு வார்த்தை அதிகமாகப் பேசுவதாக இல்லை.

மிதவை அங்கியை மாட்டிவிட்டான், ஹெல்மெட்டின் வாரைச் சரிபார்த்தான். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார், இறக்கச் சொன்னால் இறக்கினார். முகத்தில் பயமும் இல்லை, ஆர்வமும் இல்லை. இருவர் உட்காரும் கயாக்கில் அவரை முன்னால் உட்காரவைத்துத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். துடுப்பு அவர் மடியிலேயே கிடந்தது.

ஒத்துழைக்காத மாணவர் என்று தேர்வுக் கையேட்டில் ஒரு வகை உண்டு. அவரை அதட்டக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. எவெலியோ தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போனான்.

வளைவுக்கு முன்னால் தண்ணீர் அகன்று அசையாமல் நிற்கும். அங்கே நிறுத்திக் கையேட்டின் முதல் பாடத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் வந்ததற்கே காரணமான விபத்துதான் அந்தப் பாடம். முதன்முதலில் படித்தபோது எவெலியோ அழுதுவிட்டான். அப்புறம் ஒரு நூறு தடவையாவது ஒப்பித்திருப்பான், எல்லாம் மரத்துப்போய்விட்டது. இப்போது அவனுக்கு இருந்த கவலையெல்லாம் எண்களை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான்.

"அதோ, ரெண்டு பாறைக்கு நடுவுல வெள்ளையா நுரைக்குது பாருங்க, அதுதான் மூணாவது வளைவு. பதினேழு வயசுப் பையன். எடை அறுபத்திரண்டு கிலோ. கயாக் கவிழ்ந்து, கால் பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. கயிறு வீசினது நாலாவது நிமிஷம். வெளிய எடுத்தது பதினொண்ணாவது நிமிஷம். நடந்த தப்பு மூணு. பையன் பயந்துபோய்த் துடுப்பை விட்டான். சொல்லிக்கொடுத்தவர் எங்கயோ முன்னால போயிட்டார். கரையில கயிறோட யாரும் நிக்கல."

ஒரு எண் கூடப் பிசகவில்லை. எவெலியோவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

அவர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவன் கடைசியா ஏதாவது சொன்னானா?"

கையேட்டில் இல்லாத கேள்வி. மாட்டிவிடுவதற்கென்றே கேட்கிறார் என்று எவெலியோ உஷாரானான். தெரியாததை இட்டுக்கட்டிச் சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

"அது பாடத்துல இல்லைங்க மேடம். எனக்குத் தெரியாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கரையோரத்து ஓட்டமில்லாத தண்ணீரிலேயே திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் எவெலியோ மனசுக்குள் கணக்குப் போட்டான். அங்கி சரி, வாரும் சரி, பாடம் முழுசாகச் சொல்லியாயிற்று. பாஸா என்று கேட்டுவிட நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கைபிடித்துக் கரையேற்றினான்.

பயிற்சிப் பள்ளியில் போன் எடுக்கிற யாமிலெத் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"இன்னிக்குப் பரீட்சை இல்ல எவெலியோ. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு கிடக்காம். தேர்வாளர் காலையிலேருந்து காருக்குள்ளேயே உக்காந்திருக்காராம். வியாழக்கிழமைதான் வருவாராம்."

எவெலியோவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண்மணி அங்கியின் கொக்கியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கழற்றிவிட்டான்.

"அப்ப... நீங்க யாருங்க?"

அவர் அங்கியை ஒழுங்காக மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க தம்பி. எம் பையன் பேரைத்தான் சொல்லல."