கத்தரிக்கோல் விழுந்த வகுப்பு

தையற்கடையின் இயந்திரங்களுக்கு உறை போட்டாகிவிட்டது. துணி வெட்டும் மேசையைச் சுற்றி இலவச மாலை வகுப்பு நடக்கிறது. சுவரில் குத்திய கறுப்புத் துணிதான் பலகை. துணியில் குறிபோடும் சாக்பீஸால்தான் எழுதுகிறார்கள். பகலெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்தான் வாத்தியார். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடக்கிறார். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை வெறும் உதட்டசைவில் சொல்கிறார்கள். காரணம், வெட்டுத்துணிக் குவியலின் மேல் தூங்கும் கைக்குழந்தை. "அழுது தொந்தரவு பண்ணினா உடனே கிளம்பிடணும்" என்று, இங்கே படிக்கும் அவன் அக்காவிடம் அவனை ஒப்படைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். அக்காவுக்கு நாளை கணக்குப் பரீட்சை. வகுத்தல் இன்னும் பிடிபடவில்லை. கறுப்புத் துணியில் அவள் ஏழால் வகுத்துக்கொண்டிருக்கையில் முழங்கை பட்டு மேசை விளிம்பிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுகிறது. குழந்தையின் உதடு பிதுங்குகிறது, வீறிட்டு அழுகிறான். அவள் சாக்பீஸை வைத்துவிட்டுப் பையை எடுக்கிறாள். "எங்கேம்மா கிளம்பிட்ட?" என்கிறார் வாத்தியார். "அழுறான் சார். அம்மா திட்டுவாங்க." "நாள் முழுக்க சைரன் கேக்குற காது இது. இவன் எம்மாத்திரம்?" குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறார். இத்தனை நேரம் வாயை அடக்கிவைத்திருந்த, 'ஒலிபெருக்கி' என்று பேர் வாங்கிய சிறுமி துள்ளி எழுகிறாள். "அப்ப இனிமே கத்தலாமா சார்?" "கத்து." ஏழாம் வாய்ப்பாடு கூரையில் மோதுகிறது. தம்பி அழுகிறான். அக்கா பையை வைத்துவிட்டு, வகுத்தலின் அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்கி எழுதுகிறாள்.