மாயழகின் இலை

தீபாவளிக்குக் கறி எடுக்கக் காத்தமுத்துவும் சொர்ணமும் கடைக்குப் போனார்கள். வீட்டுப் பட்டியலில் எத்தனை பெயரோ, அத்தனை பேருக்குத்தான் கடையின் அந்தப் பிசினாறித் தானியங்கித் தராசு கறி போடும். இவர்களுக்கு மூன்று பேருக்குப் போட்டது. மகன் மாயழகு செத்து இரண்டு வருடமாகிறது. பெயர் போனால் படையலுக்குக் கறி கிடைக்காது என்று காத்தமுத்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

"நம்ம வீட்டு அடுப்புக்கும் காது இருக்கு, கேட்டத அப்பிடியே தராசுக்குச் சொல்லிரும். வாயத் தொறந்துறாத," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எத்தன தடவ சொல்லுவீக? நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றாள் சொர்ணம்.

குழம்பு கொதித்தது. மகனுக்குப் பிடித்த ஈரலைத் தனியாக வறுத்து, மூன்றாவது இலையில் வைத்தாள். காத்தமுத்து சூடம் கொளுத்தினார். அதுவரை அடக்கி வைத்திருந்தவள், சூடம் எரிந்ததும் வாய்விட்டு அழுதாள்.

"ஏ மாயழகு, செத்து ரெண்டு வருசமாச்சேய்யா! வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போய்யா!"

காத்தமுத்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். ஆனால் அடுப்பு பேசிவிட்டது.

"மாயழகின் மறைவுக்கு வருந்துகிறோம். பட்டியலில் இனி இரண்டு பேர்."

"ஏலேய், அவ அழுகையில உளறுறா! அவன் வெளியூரு போயிருக்கான்டா!"

"நல்லது. திரும்பி வரும் தேதியைச் சொல்லுங்கள்."