அஞ்சாம் நம்பர் உப்பு

“ஏட்டி, சொன்ன பேச்சக் கேக்க மாட்டியா?”

பல்லக் கடிச்சுக்கிட்டு மர்வாகிட்ட கிசுகிசுத்தேன். அவ நிமிந்துகூடப் பாக்கல. வடிதாள உப்புக் கரைசல்ல முக்கி, மறுபடியும் பர்னர்ல காட்டிக்கிட்டு நிக்கா.

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல். பேர் சொல்லாம ஒரு உப்பக் குடுப்பாங்க. ஒவ்வொரு சோதனையாச் செஞ்சு, அது இன்ன உப்புன்னு பிள்ளைக கண்டுபிடிக்கணும். நான் பெர்சிஸ். பாளையங்கோட்டையில இந்தப் பள்ளிக்கூடத்துல பத்தொம்பது வருஷமா கெமிஸ்ட்ரி டீச்சர்.

கண்டுபிடிக்கணும்னு சொல்லுததெல்லாம் பேச்சுக்குத்தான். வேற பள்ளிக்கூடத்துல இருந்து வார எக்ஸ்டெர்னல் டீ குடிக்கப் போன நேரத்துல, லேப் அட்டெண்டர் முப்பிடாதி அண்ணன் மேசைக்கு மேசை போயி, எந்த நம்பர் பாட்டில்ல என்ன உப்புன்னு காதுல போட்டுட்டு வந்துருவாரு. லிஸ்ட் நான் குடுக்கதுதான். ஊரு உலகத்துல நடக்காததா? நம்ம பிள்ளைக நாலு மார்க் கூட வாங்கட்டுமேன்னு செய்யுதோம், இதுல என்ன பாவம் இருக்கு?

அஞ்சாம் நம்பர் பாட்டில் டார்லின், சுப்ரஜா, மர்வா மூணு பேருக்கு வந்துச்சு. மெக்னீசியம் சல்பேட். மத்த ரெண்டு பேரும் சமத்தா எழுதி முடிச்சிட்டு மணியப் பாத்துக்கிட்டு நிக்காளுவ. இவ மட்டும் ஜிங்க் சல்பேட்னு எழுதி வச்சிருக்கா.

ஸ்ரீவைகுண்டத்துல இருந்து தினம் பஸ் ஏறி வார பிள்ள. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில இடம் கெடச்சாப் படி, இல்லன்னா படிச்சது போதும்னு அவ வாப்பா கண்டிசனாச் சொல்லிட்டாரு. அரை மார்க்குல கைநழுவிப் போற இடம் அது. இவ என்னடான்னா, கையில கொண்டு குடுத்தத வேண்டாம்னு தள்ளுதா.

“மெக்னீசியம்னு அண்ணன் வந்து சொல்லலியா?”

“சொன்னாரு டீச்சர். மெக்னீசியம்னா எரிச்ச தாளோட சாம்பல் ரோஸா வரணும். மூணு தடவ செஞ்சிட்டேன். பச்சையால்லா வருது. பச்சைன்னா ஜிங்க்.”

“நீ தப்பாச் செஞ்சிருப்ப. அடிச்சிட்டு மாத்தி எழுது.”

“வராத ரோஸ வந்துச்சுன்னு எப்படி டீச்சர் எழுத?”

கொழுப்பு. வேற என்ன சொல்ல? ஓங்கி ஒண்ணு வைக்கலாம் போல இருந்துச்சு. அதுக்குள்ள எக்ஸ்டெர்னல் தாணுமாலையன் சார் உள்ள வந்துட்டாரு. சிரிப்புன்னா என்னன்னே தெரியாத மனுசன். நான் பைய ஒதுங்கிட்டேன்.

விடைய ஒத்துப் பாக்க நான் குடுத்திருந்த அதே லிஸ்ட்ட அவரு பாத்தாரு. மர்வா பேப்பரப் பாத்தாரு. தப்புன்னு சொல்லிட்டுச் சிவப்புப் பேனாவ எடுத்தாரு.

அழப் போறான்னு நெனச்சேன். அழல. உங்க முன்னால இன்னொரு தடவ செய்யுதேன் சார், ரோஸா வந்தா முட்டை போட்டுருங்கன்னா. நேரம் முடிஞ்சு போச்சுன்னு அவரு சொன்னாரு. இன்னும் ஏழு நிமிசம் இருக்கு சார்னு சுவர்க் கடிகாரத்தக் காட்டுதா. நின்ன எடத்த விட்டு அசையல.

சார் பேனாவ மூடிட்டு, சரி செய்யின்னாரு.

தாள் எரிஞ்சு சுருண்டுச்சு. அவரும் நானும் குனிஞ்சு பாத்தோம். சாம்பல் பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை.

சார் தானே ஒரு சோதனைக்குழாய எடுத்து, வேற ஒரு விதமாவும் சோதிச்சுப் பாத்தாரு. அதுலயும் ஜிங்க்தான். மர்வா பேப்பர்ல முழு மார்க்கையும் போட்டுக் கையெழுத்துப் போட்டாரு. அப்பதான் அந்தப் பிள்ள மூக்க உறிஞ்சினா.

எனக்கு வந்த சந்தோசம் அரை நிமிசம்கூட நிக்கல. சார் டார்லின் பேப்பரையும் சுப்ரஜா பேப்பரையும் இழுத்து வச்சுப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

“இதே பாட்டில் உப்புத்தான். இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் சாம்பல் ரோஸா வந்திருக்கு.”

ரெண்டும் தலையக் குனிஞ்சிட்டு. இவரு மேல எழுதி அனுப்பினாருன்னா ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வருஷம் போச்சு. முப்பிடாதி அண்ணன் எங்கியோ வேடிக்க பாக்க மாதிரி வாசலப் பாத்துக்கிட்டு நிக்காரு. பாட்டில நெறைக்கையில உப்ப மாத்திப் போட்டு மானத்த வாங்கிட்டாரே பாவி மனுசன்னு அவரு மேல ஆத்திரமா வந்துச்சு.

ஆனா சார் மேல எழுதல. மேசையில இருந்த வடிதாள் கட்ட எடுத்தாரு. டார்லினுக்கு ஒரு தாள், சுப்ரஜாவுக்கு ஒரு தாள் குடுத்தாரு. முதல்ல இருந்து செய்யுங்க, கண்ணுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் எழுதுங்க, முடியிற வரைக்கும் நான் இருக்கேன்னாரு. ரெண்டும் ஒரே ஓட்டமாப் பர்னர்கிட்டப் போச்சு.

பெறகு என் லிஸ்ட்டக் கையில எடுத்தாரு.

“டீச்சர், இந்த வருஷம் பாட்டில் ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்துத்தான இத எழுதினீங்க?”

ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். மர்வா அங்கனயே நின்னு என்னப் பாத்துக்கிட்டு இருந்தா.

“இல்ல சார். போன வருஷ லிஸ்ட்டப் பாத்து எழுதினேன்.”

சார் தலைய ஆட்டினாரு. கட்டுல இருந்து மூணாவதா ஒரு தாள உருவி, எங்கிட்ட நீட்டினாரு.