ஒப்பிட ஒரு கண்ணாடி

2011 மார்ச் மாதம், யுரேனியத் தாது அரைக்கும் ஆலையின் தொழிலாளி ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். சட்டையில் குத்தும் அவருடைய கதிர்வீச்சு அளக்கும் பேட்ஜில் எதுவும் பதிவாகவில்லை, நோய்க்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று, அவர் மனைவி தொடுத்த வழக்கில் ஆலை பதில் சொன்னது.

"பேட்ஜ் டிராயர்ல தூங்கும். ஆளுங்கதான் உள்ள போவோம்," என்றார் அங்கேயே வேலை பார்க்கும் அவருடைய தம்பி.

ஆனால் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்க முடியாது. அது இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது.

அந்தக் கண்ணாடியை அவர் மனைவி கைக்குட்டையில் சுற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

பிளாஸ்டிக் லென்ஸ். கதிர்வீச்சுத் துகள் பாய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். சூடான காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் அரித்துக் குழியாகும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம்.

"அப்புறம் இதைப் போட முடியாதும்மா. மங்கிடும்," என்றார் ஆய்வாளர். அவரும் பெண்தான்.

"இனி யாரு போடப் போறா?"

ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதுள்ள, ஆலைப் பக்கமே போகாத லென்ஸ் ஒன்று வேண்டியிருந்தது.

மனைவி தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை.

"இதை எடுத்துக்குங்க. அந்த ஆலை வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல."

"போச்சு. இனி அண்ணி தூணுக்கெல்லாம் வணக்கம் வைப்பாங்க," என்றார் தம்பி.

மனைவி சிரித்தார். அன்று முதல்முறையாக.

மாலையில், சோடாவில் ஊறிய லென்ஸ்களைக் கழுவி எடுத்தார்கள். கணவருடையதில், தூசி ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றிக் குழிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

"ஜெயிச்சிட்டோம் அண்ணி."

ஆய்வாளர் அடுத்து மனைவியின் லென்ஸை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைச் சரிபார்த்து, மறுபடி வைத்தார்.

"அவரோட வேலைத் துணியை எங்கம்மா துவைப்பீங்க?"

"வீட்லதான். ஒரே பொடியா இருக்கும். நல்லா உதறிட்டுத்தான் ஊறப் போடுவேன்."

தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

கண்ணாடி இல்லாததால் அவர்கள் இருவர் முகமும் மனைவிக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

"என்னோடது சுத்தமாத்தானே இருக்கு?" என்றார்.

அன்று ஆய்வகத்திலிருந்து இரண்டு அறிக்கைகள் போயின. ஒன்று நீதிமன்றத்துக்கு. இன்னொன்று, மனைவியின் பெயரில், மருத்துவமனைக்கு.