ஒளியைப் பார்த்திருக்கியா?

"ஒளியை நீ பார்த்திருக்கியாம்மா?"

கேட்டாரு பாருங்க புரொபசர் கோவிந்தப்பன், எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எம் மக தமிழ்செல்விக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டு, கைத்தடியோட எதிர்ல உக்காந்திருக்கா. கேக்குற கேள்வியா இது?

ஓசூர்ல ஒரு தனியார் காலேஜ். பௌதிக லெக்சரர் வேலைக்கு இண்டர்வியூ. கேசட்டுல பாடம் கேட்டுக் கேட்டே எம்.எஸ்சி. முடிச்ச புள்ள. கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு நான்தான் கூட்டிட்டு வந்தேன். "கூடவே இருங்க"ன்னு என்னையும் உள்ள உக்கார வச்சாங்க.

பிரின்சிபால் அம்மா, "பாவம், பஸ்ஸுல எப்படிம்மா வருவே?"ன்னு எவ்வளவு தன்மையா விசாரிச்சாங்க! இந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல.

தமிழ்செல்வி சிரிச்சா.

"இல்ல சார்."

"அப்ப ஒளின்னா என்னன்னு உனக்குத் தெரியாது?"

"அது என்ன பொருள்னு யாருக்கு சார் தெரியும்? முதல்ல துகள்னாங்க. அப்புறம், ஈதர்னு கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு எங்கும் நிறைஞ்சிருக்கு, அதுல ஓடுற அலைன்னாங்க. பிறகு ஈதரே இல்லைன்னுட்டாங்க. ஆனா, கண்ணாடியில பட்டா எவ்வளவு திரும்பும், எவ்வளவு உள்ள போகும்னு அன்னைக்குப் போட்ட கணக்கு இன்னைக்கும் மாறல. பொருள் கைக்குச் சிக்கல சார், அதோட உறவுகள்தான் சிக்கியிருக்கு. இப்படிப் பார்க்கிறதை அமைப்பியல்னு சொல்லுவாங்க."

"புரியற மாதிரி சொல்லேன்."

"எங்கம்மா முகத்தை நான் பார்த்ததே இல்ல சார். அதுக்காக அம்மாவைத் தெரியாதுன்னு சொல்லுவேனா?"

எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் கொட்டிருச்சு. எம் மக! நான் பெத்த மக!

"திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோ"ன்னாங்க பிரின்சிபால் அம்மா.

வேலை கிடைச்சா மட்டும் விட்டுருவேனா? வராந்தாவுல அந்த புரொபசரை மறிச்சேன்.

"ஏன் சார், கண்ணு தெரியாத புள்ளைகிட்ட அப்படியா கேப்பீங்க? உங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லையா?"

அவரு கோவிச்சுக்கல.

"காலையில இருந்து வந்த எல்லார்கிட்டயும் என்னோட முதல் கேள்வி அதுதாம்மா. உங்க பொண்ணுக்காக மாத்த எனக்கு மனசு வரல."

"அவங்க என்ன சொன்னாங்களாம்?"

"எல்லாருக்கும் கண்ணு நல்லா இருந்துச்சு. 'தினமும் பார்க்கிறேனே சார்'னாங்க. அப்ப அது என்னன்னு கேட்டேன், முழிச்சாங்க. ஒளி பட்ட பொருளைத்தாம்மா நாம பார்க்கிறோம், ஒளியை யாரும் பார்த்ததில்ல. 'இல்ல சார்'னு சரியாச் சொன்னது உங்க மக ஒருத்திதான்."